கேட்க மறந்த கேள்வி



நேற்று பீரோவை ஒதுங்க வைக்கும்போது பழைய களப்பயண நோட்டு ஒன்று கிடைத்தது. பிளஸ் ஒன் புவியியல் பிள்ளைகளோடு அரியலூரிலிருந்து தரங்கம்பாடி போனோமே, அது.

புறப்படும் முன் காரையில் கிடைக்கும் அம்மோனைட் படத்தைக் காட்டி, "நம்ம ஊரும் ஒரு காலத்துல கடல்தான்டா" என்றேன். கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று நம் சிமெண்ட் ஆலைகளுக்கு வெட்டுகிறார்கள்.

அங்கே மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றிருந்தது. கரையில் பாறாங்கல் கொட்டியிருந்தார்கள். "சார், இங்க தடுத்தா அலை எங்க போவும்?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. நம் கரையில் மணல் பெரும்பாலும் வடக்கே நகரும். ஓரிடத்தில் தடுத்தால் அதற்கு வடக்கே கரை அரிக்கும்.

பிறகு வாழ்க்கைத்தரக் கணக்கெடுப்பு. காரை வீடா, கழிப்பறை உண்டா, குழாய் உண்டா? 2004 சுனாமிக்குப் பிறகு, கரையிலிருந்து தள்ளிக் கட்டிய வீடுகள். என் அட்டவணையில் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். ஒரு அம்மா மட்டும், "வலை எங்க காயப்போடுறீங்கன்னு கேக்கலையே சார்? இங்கேருந்து கடலே தெரியல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஊர் திரும்பியதும், சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அதே படிவத்தைத் தன் தெருவில் நிரப்பி வந்தான். கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்திருந்தான்: "வெடி வைக்கும்போது சுவர் அதிருதா?" இருபது வருடம் அங்கேயே பாடம் நடத்திய எனக்கு அது தோன்றவே இல்லை.

தம்பி, இதைப் படித்தால் வீட்டுப் பக்கம் வா. உன் படிவம் நோட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.