வாப்பாவின் கண்ணும் நோகவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சீனி வருத்தக்காரர் ஒருவராவது இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். அப்படி ஒருவர்கூட இல்லாத வீடுகளை எங்கள் ஊரில் எண்ணப் போனால் ஒரு கை விரல் போதும்.

எங்கள் வாப்பாவுக்குச் சீனி வந்து பதினேழு வருடம். மாதம் தவறாமல் கிளினிக் போவார். கொப்பி, மருந்துப் பை எல்லாம் ஒழுங்கு. சுபஹ் தொழுதுவிட்டு முன் விறாந்தையில் இருந்து குர்ஆன் ஓதுவது அவருடைய வழக்கம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், ஓதிக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடியும் துடைத்தார். "எழுத்துக்கு மேல மை கொட்டின மாதிரிக் கிடக்கு" என்றார்.

வெள்ளெழுத்து கூடிவிட்டது என்று நாங்களே முடிவெடுத்துக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். "இது கண்ணாடியால தீருற விசயமில்ல, இண்டைக்கே கண் டொக்டரிட்டக் காட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்.

வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. டொக்டர் எங்களை ஏசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கடைசியா எப்ப கண்ணுக்குப் பின்பக்கத்தப் பாத்தீங்க?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பதினேழு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. வலது கண்ணின் பார்வை திரும்பவில்லை. இடது கண்ணை லேசர் சிகிச்சை காப்பாற்றித் தந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஆசிரியர்கள். பாடசாலை வைத்தியப் பரிசோதனை வரும்போது தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, அட்டையில் உள்ள எழுத்தை வாசிக்கச் சொல்வது எங்களுக்குப் பழகிய வேலை. அட்டையை வாசித்தால் கண் சுகம் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். சீனியால் வரும் கண் நோய்க்கு அந்த அட்டை காணாது. இரத்தத்தில் சீனி கூடி நிற்க நிற்க, விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைந்து கசியத் தொடங்கும். பிறகு, எளிதில் உடையக்கூடிய புதுக் குழாய்கள் முளைக்கும். அது வரைக்கும் நோவு இருக்காது, பார்வையும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். மை கொட்டின மாதிரித் தெரிகிற நாள் நோயின் முதல் நாளல்ல.

அப்படியானால் ஏன் காட்டவில்லை? கண் கிளினிக் தூரம். விடிய பஸ் ஏற வேண்டும். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெயிலைப் பார்க்க முடியாது, பைக் ஓட முடியாது, கூட ஒரு ஆள் வேண்டும். ஆக, இரண்டு பேருடைய ஒரு நாள் உழைப்பு போகும். நன்றாகத் தெரிகிற கண்ணுக்காக யார் அதைச் செய்வார்? தவக்குல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டோம். உண்மையில் அது அலட்சியம்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை எங்கள் மத்ரஸா மண்டபத்துக்கு ஒரு கமெரா வந்தது. திரை கட்டி இருட்டாக்கிய ஒரு மூலை. பயிற்சி பெற்ற ஒரு தங்கச்சி. தாடையை வைத்து, பச்சை வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னா. ஒரு பளிச். மற்றக் கண்ணுக்கும் ஒரு பளிச். கணினித் திரையில் செம்மஞ்சள் நிறத்தில் முழு நிலா மாதிரி ஒன்று வந்தது. அதுதான் விழித்திரை. பெரும்பாலானோருக்குச் சொட்டு மருந்துகூடத் தேவைப்படவில்லை. படங்கள் இன்டர்நெட் வழியாக, தூர நகரத்தில் இருக்கிற கண் வைத்திய நிபுணரிடம் போயின. சில நாளில் பதில் கடுதாசி வந்தது. அவ்வளவுதான். பஸ் ஏறாத உம்மாமாரெல்லாம் பிளேன்டீ குடிக்க வந்த மாதிரி வந்து படம் எடுத்துவிட்டுப் போனார்கள்.

இது புதுமையில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கிராமத்துச் சிறு நிலையங்களில் எடுக்கிற படங்களைத் தூரத்தில் இருந்தே பார்த்துச் சொல்கிறது. இங்கிலாந்தில் சீனி உள்ள, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் கூப்பிட்டு விழித்திரையைப் படம் எடுக்கும் தேசியத் திட்டம் 2003இல் தொடங்கியது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 2009–10 கணக்கைப் பார்த்தபோது, உழைக்கும் வயதினரின் பார்வை இழப்புக்கு முதல் காரணமாக இருந்த இந்த நோய், குறைந்தது ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தை விட்டு இறங்கியிருந்தது. படம் எடுத்ததும் சீனியைக் கட்டுப்படுத்தியதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். எங்கள் நாட்டில் 2005–2006இல் நடந்த கள ஆய்வு ஒன்றே, வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்குச் சீனி என்று சொன்னது. இன்று நிலைமை என்ன என்பதை ஊரில் உள்ள பாமசிகளைப் பார்த்தாலே விளங்கும்.

ஆனால் இந்தப் பதிவு கமெராவைப் புகழ எழுதியதல்ல.

எங்கள் ராத்தாவுக்கு நாற்பத்து மூன்று வயது. தையல்காரி. அவவின் கடுதாசியில் "விரைவில் கண் வைத்தியரிடம் காட்டவும்" என்று இருந்தது. "நான் ராவைக்கும் ஊசியில நூல் கோக்கிறன், எனக்கென்ன?" என்று சிரித்தா. கடுதாசி தையல் மெஷின் லாச்சிக்குள் போனது. மகளுக்கு ஓ.எல். சோதனை, பிறகு ஒரு கலியாணத் தையல், பிறகு மழை. இரண்டு மாதம் போய்விட்டது. நாங்கள் சொல்லிச் சொல்லிக் களைத்தோம்.

ஒரு பின்னேரம் வாப்பா ராத்தாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். தன் வலது கண்ணைக் காட்டி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "என்ட கண்ணும் நோகல்ல மகள்."

அடுத்த கிளினிக் நாளே ராத்தா போனா. இரண்டு கண்ணுக்கும் லேசர். இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கிறா.

படம் தூரத்தைக் குறைக்கும். கடுதாசியில் "காட்டவும்" என்று வந்த பிறகு இருக்கிற பஸ் பயணத்தை யாரும் எங்களுக்காகப் போகமுடியாது. படம் எடுத்துவிட்டுப் போகாமல் இருப்பவருக்கும் படமே எடுக்காதவருக்கும் முடிவு ஒன்றுதான்.

அதனால் சில வேண்டுகோள்கள்.

சீனி இருந்தால், கண் நன்றாகத் தெரிந்தாலும், வருடம் ஒரு தடவை விழித்திரையைப் பார்க்க வேண்டும். அடுத்த கிளினிக்கில் நீங்களாகவே கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை. கர்ப்பமாகியிருக்கும் சீனி வருத்தக்காரத் தங்கச்சிமார் வருடம் முடியும் வரை காத்திருக்காமல் உடனே கேட்க வேண்டும்.

"படம் தெளிவில்லை" என்று வந்தால் அது நல்ல செய்தியல்ல. கண்ணில் வெண்படலம் இருக்கலாம், நேரில் காட்டுங்கள். கமெரா எல்லாக் கண் நோயையும் பிடிக்காது என்பதும் நினைவிருக்கட்டும். சீனியோடு பிரஷரையும் கட்டுக்குள் வைத்திருங்கள்.

பள்ளிவாசல் நிருவாகத்துக்கு: "காட்டவும்" என்று வந்தவர்களின் பெயர்களை, அவர்கள் சம்மதித்தால், ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கிளினிக் நாளில் ஒரு வேன் பிடிப்போம். தனியாகப் போகத் தயங்குகிற உம்மாமார் நாலு பேராகப் போவார்கள். வேன் செலவில் ஒரு பங்கு எங்கள் வீட்டுடையது.

வாப்பா இப்போது பெரிய எழுத்துக் குர்ஆனை இடது பக்கமாகச் சாய்த்து வைத்து ஓதுகிறார். அவருக்காகவும், உங்கள் வீட்டு லாச்சிக்குள் கடுதாசி வைத்திருக்கிறவர்களுக்காகவும் துஆ செய்யுங்கள்.

துஆ செய்துவிட்டு, அந்த லாச்சியையும் ஒருக்காத் திறந்து பாருங்கள்.