சங்கு ஓய்ந்த ஊர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வளர்ந்தவனுக்கு ஹாம் நகரம் அத்தனை அந்நியமில்லை. ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியின் கிழக்கோரம் இது. வெளியூர்த் தமிழர்கள் இங்கே வருவது, ஈழத்தமிழர் எழுப்பி 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாளைத் தரிசிக்க. திருவிழாவில் அம்பாள் தீர்த்தமாடும் கால்வாய், நிலக்கரிப் படகுகள் ஓடிய கால்வாய்தான்.

1908 நவம்பர் 12 அதிகாலை இங்குள்ள ராட்போட் சுரங்கம் வெடித்துச் சுமார் 350 பேர் மாண்டார்கள். தீயை அடக்க உள்ளே தண்ணீரை விட்டார்கள். பல உடல்கள் மாதக்கணக்கில் மேலே வரவில்லை. அதற்குப் பிறகும் 1990 வரை அங்கே கரி வெட்டினார்கள். 1961இல் துருக்கியுடன் ஆள் சேர்ப்பு ஒப்பந்தம் ஆன பின் அங்கிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஊரின் கடைசிச் சுரங்கம் 2010இல் மூடியது; 2018 டிசம்பரில் பாட்ராப் நகரத்தில் ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கமும் நின்றது.

வேலை போனது, கணக்கு முடியவில்லை. கரியை எடுத்த வெற்றிடத்தால் ரூரில் நிலம் சில இடங்களில் 20 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. பம்புகள் நின்றால் தாழ்ந்த பகுதிகள் ஏரியாகிவிடும். அதனால் இரவும் பகலும் தண்ணீர் இறைக்கிறார்கள். இந்தச் செலவுக்கு முடிவே இல்லை. அதற்கென்றே 2007இல் ஓர் அறக்கட்டளை வைத்தார்கள். நினைவையும் அப்படியே பராமரிக்கிறார்கள். இறந்தவர்களுக்கு நினைவிடம் உண்டு. 1984இல் பழைய கரி கழுவும் கட்டடத்தைக் கண்ணாடி யானையாக்கிப் பூங்காவில் நிறுத்தினார்கள்.

நம் பக்கம் என்ன இருக்கிறது? 1949இல் அம்பத்தூருக்கு டிஐ சைக்கிள்ஸ் வந்தது, 1964இல் தொழிற்பேட்டை. 1965இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி புறப்பட்டது. டன்லப் ஆலை வந்து, ஓய்ந்தும் போனது. ஆலைச் சங்கை வைத்து நேரம் சொன்ன தெருக்களில் இன்று அடுக்குமாடிகள். பிரஸ்ஸில் விரலை இழந்தவர், நைட் ஷிப்ட் முடித்து சைக்கிளில் திரும்பியவர், கேட் முன்னால் சங்கக் கொடி ஏற்றியவர் ஆகியோரின் கதைகள் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன?

ரூரில் இதற்குப் பணம் இருந்தது, உண்மைதான். ஆனால் ஒரு பெரியவரை உட்காரவைத்துக் கேட்பதற்குப் பணம் வேண்டாம். அம்பத்தூர், ஆவடி, பாடியில் இருக்கும் இளைஞர்களே, உங்கள் தாத்தாவின் ஆலை அடையாள அட்டையைத் தேடி எடுங்கள். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இந்த வருடமே செய்யுங்கள்.