அரிவாள் விட்டுவைத்த காடு

பண்ருட்டியிலிருந்து தெற்கே காடாம்புலியூர்ப் பக்கம் போனால் சாலைக்கு இரண்டு பக்கமும் செம்மண் மேடு. மேட்டை நிறைத்து முந்திரி. பேருந்து சன்னல் வழியே பார்க்கிறவருக்கு அது ஒரே மரம், ஒரே பச்சை. முந்திரிக் கொல்லையில் தாவர வளம் இருக்கிறது என்று சொன்னால் பலரும் நம்பாததற்கு அதுதான் காரணம். இறங்கி உள்ளே போகவேண்டும். வயதான முந்திரியின் கிளைகள் தரையில் சாய்ந்து கிடக்கும். குனிந்து நுழைந்தால்தான் அடியில் என்னென்ன வளர்கின்றன என்று தெரியும்.

நான் போனது மாசி மாதம். மரங்கள் பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம். அப்போது இங்கே பெரிய வேலை செதுக்குவதுதான். முந்திரியை மரமேறிப் பறிப்பது குறைவு. பழுத்துக் கொட்டையோடு விழுவதைப் பொறுக்கித் திருகி எடுப்பார்கள். தரையில் புதர் மண்டியிருந்தால் கொட்டை உள்ளே போய்விடும். தேடிப் பொறுக்கினால் கூலி கட்டாது. எனவே பழம் விழத் தொடங்குவதற்குள் மரத்தடியைச் செதுக்கிவிட வேண்டும். இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் கொல்லையின் செடிகொடிகள் பிழைப்பதும் அழிவதும்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா செதுக்கிக்கொண்டிருந்தார். அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். விராலி, சூரை முள், சிற்றீச்சம் குத்து எல்லாம் அரிவாளுக்குப் போயின. ஓரிடத்தில் அரிவாள் நின்றது. தரையோடு படர்ந்த மெல்லிய கொடி, ஒடுக்கமான இலை, நடுநரம்பை ஒட்டி வெள்ளைக்கோடு. நன்னாரி. சுற்றியிருந்த புல்லை மட்டும் கையால் பிடுங்கிவிட்டுத் தாண்டிப் போனார்.

“இத வெட்டலியாம்மா?”

“இது என்னா பண்ணுது தம்பி, அது பாட்டுக்குக் கெடக்கு. சித்திரையில பாதி வேரு தோண்டிக்கலாம். மீதிய உட்டா மழைக்குத் தழைச்சுக்கும்.”

இன்னும் கொஞ்சம் தள்ளி முழங்கால் உயர நாவல் கன்று ஒன்று. அதையும் விட்டார். வேலியோரத்துக் காரைச் செடியும் களாவும் அரிவாளைப் பார்த்ததே இல்லை போலக் கொழுத்து நின்றன. ஆதொண்டையும் சிறுகுறிஞ்சானும் அவற்றின் மேல் ஏறிக் கிடந்தன. எதை வெட்டுவது, எதை விடுவது என்று யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. மருந்துக்கு ஆகும், பிள்ளைகள் பழம் தின்னும், ஆட்டுக்குத் தழையாகும், வேலிக்கு முள்ளாகும் என்ற கணக்குகள் அவர் கையிலேயே இருக்கின்றன. தாவரப் பாதுகாப்பு என்று நான் இதைத்தான் சொல்வேன். கூலிக்கு வந்த இடத்தில் அவர் அதைச் செய்துகொண்டிருந்தார். அதற்குத் தனியாக ஒரு காசும் இல்லை.

இந்தச் செடிகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லவேண்டும். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய இந்த நிலத்துக்குச் சொந்தமான காடு, வெப்பமண்டல உலர் பசுமையிலைக் காடு. குட்டையான மரங்கள், தடித்த இலைகள், பின்னிக்கொண்ட கொடிகள். கோடையிலும் பச்சை மாறாது. இன்று அது பெரும்பாலும் ஐயனார் கோயில் காடுகளாக, துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. கடலூருக்கு அருகே திருமாணிக்குழியிலும் குழந்தைக்குப்பத்திலும் உள்ள அப்படிப்பட்ட காடுகளின் தாவரங்களைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1990களில் கணக்கெடுத்துப் பதிவு செய்தார்கள். காயா, வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி என்று அந்த வகைக் காட்டுக்கே உரிய மரங்கள் இருக்கின்றன. கோயில் காட்டில் பழம் தின்ற கொண்டைக்குருவியும் குயிலும் மரநாயும் வௌவாலும் முந்திரிக் கொல்லைக்கு வந்து விதையைப் போட்டுவிட்டுப் போகின்றன. முந்திரி மூடிய கொல்லையில் உழவு கிடையாது. சருகு மெத்தையாகக் கிடக்கிறது, நிழலும் இருக்கிறது. விழுந்த விதை முளைத்துக்கொள்கிறது. வேலிக்குள் சந்தனக் கன்று ஒன்றைக் காட்டினார்கள். பிற செடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சி வாழ்கிற மரம் அது. அதற்கு இந்தக் கூட்டம் வேண்டும்.

இதை வைத்து முந்திரிக் கொல்லையைக் காடு என்று நான் கொண்டாடிவிட மாட்டேன். பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த மரம் முந்திரி. இங்கே அது பரவியதே பழைய புதர்க்காடுகள் இருந்த இடத்தில்தான். வீரையோ பாலையோ கொல்லைக்குள் முளைத்தாலும் ஆளுயரம் தாண்ட விடமாட்டார்கள். முந்திரிக்கு வெயில் முழுதாக வேண்டும். ஆனால் காட்டை இழந்த மண்ணில் அந்தக் காட்டுச் செடிகளுக்கு ஒதுங்க இடம் கொடுப்பது இன்று இந்தக் கொல்லைகளும் அவற்றின் உயிர்வேலிகளும்தான். அதனால்தான் இவை கைவிட்டுப் போகின்றனவே என்று மனம் பதைக்கிறது.

முந்திரிக்கும் இந்தச் செடிகள் தேவை. ஒரு பூங்கொத்தில் ஆண் பூக்களே அதிகம். காய்க்கக்கூடிய இருபால் பூக்கள் குறைவு. மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்று சுமக்காது; தேனீயும் ஈயும் எறும்பும் வந்தாக வேண்டும். முந்திரி பூப்பதோ இரண்டு மூன்று மாதம். மற்ற மாதங்களில் அந்தப் பூச்சிகள் எதைத் தின்னும்? தும்பையும் நுணாவும் ஆதொண்டையும் வேம்பும் மாற்றி மாற்றிப் பூப்பதால்தான் அடுத்த மாசிக்கு அவை கொல்லையிலேயே இருக்கின்றன.

அடுத்து, முந்திரியின் வகைகள். கொல்லைக்காரர் எழுபது வயதுப் பெரியவர். அவருடைய பழைய மரங்கள் எல்லாம் கொட்டை போட்டு முளைத்தவை. முந்திரி விதையிலிருந்து வருகிற கன்று தாயைப் போல இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு விதம். அவர் கூடவே நடந்து காட்டினார். இது மஞ்சள் பழம், கொட்டை சிறுசு, பருப்பு திரட்சி. அது சிவப்புப் பழம், புளிப்பு, நரிகூடத் தொடாது. அந்த மூலையில் இருப்பது மார்கழியிலேயே பூத்துவிடும். வாய்க்கால் பக்கத்து மரம் எல்லாம் ஓய்ந்த பிறகு பூக்கும்.

“முன்பூவு பனியில கருகுனா பின்பூவு குடுக்கும். எல்லாத்துக்கும் ஒரே நாள்ல கேடு வராதுங்க” என்றார்.

அந்தக் கொல்லையில் இப்போது அப்படிப்பட்ட மரங்கள் கொஞ்சம்தான். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. தாத்தா காலத்து முந்திரிகளும் பலாக்களும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. சாய்ந்தவை விறகாகப் போயின. அவற்றின் இடத்தில் ஒட்டுக்கன்றுகள் வந்தன. பெரும்பாலும் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வகைகள். அதிலும் 1991இல் வந்த வி.ஆர்.ஐ. 3 நிறைய. நல்ல ரகம். சீக்கிரம் காய்க்கும், பருப்பும் தேறும். எல்லாவற்றையும் இழந்து நின்ற குடும்பம் அதை நட்டதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒட்டு என்பது தாயின் நகல். ஏக்கர் ஏக்கராக ஒரே மரம் நிற்கிறது என்பதுதான் அதன் பொருள். ஒரே சமயத்தில் துளிர்க்கும், ஒரே சமயத்தில் பூக்கும், ஒரு பூச்சிக்குப் பிடித்துப்போனால் முழுவதும் பிடித்துப்போகும்.

ஒட்டுக் கட்டுகிற நாற்றங்கால் ஒன்றுக்கும் போனேன். வேலை செய்தவர்கள் பெண்களே. இரண்டு மாதம்கூட நிறையாத வேர்ச்செடியின் தலையைக் கிள்ளி, தண்டை நடுவில் பிளக்கிறார்கள். அதே பருமனுள்ள தாய்க்குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி, பிளவில் இறக்கி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே மெல்லிய பாலிதீன் உறை மாட்டுகிறார்கள். சீவிய முகத்தில் விரல் படக்கூடாது. பிளேடை ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். இரண்டாவது இழுப்பு போட்டால் முகம் சமமாக இருக்காது, ஒட்டு பிடிக்காது. இத்தனை பழகிய கைகளுக்கு வேலை வருவது நான்கைந்து தாய்மரங்களின் குச்சியில் மட்டும்தானே என்பதுதான் என் ஆதங்கம்.

பூச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே மரத்தையே கொல்வது தண்டுத்துளைப்பான். பெரியவர் ஒவ்வொரு மரத்தடியிலும் உட்கார்ந்து, தூர்ப் பட்டையில் மரத்தூள் தள்ளியிருக்கிறதா, பிசின் வடிகிறதா என்று பார்க்கிறார். இருந்தால் கத்தி முனையால் பட்டையைச் செதுக்கி, துளையைத் தொடர்ந்து போய், விரல் தடிமனில் வெள்ளைப் புழுவை வெளியே இழுத்துப்போட்டு, காயத்தில் வேப்பெண்ணெய் பூசுகிறார். தளிரையும் பூவையும் உறிஞ்சிக் கருக்குகிற தேயிலைக் கொசுவுக்கு எதிரி முசுறு எறும்பு. இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்பு பொறுக்க வரும் பெண்களைக் கடிக்கத்தான் செய்யும். “கடிச்சாலும் அது கெடக்கட்டும்” என்றார் அந்த அம்மா. இதே தேயிலைக் கொசுவை ஒழிக்கத்தான் கேரளத்தின் காசர்கோட்டில், அரசின் தோட்டக் கழகத்து முந்திரிகள் மேல் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். தண்ணீரும் மண்ணும் நஞ்சானதாக மக்கள் முறையிட்டார்கள். ஊனத்தோடும் நோயோடும் பிள்ளைகள் பிறந்தன. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானை நாடு முழுவதும் தடைசெய்தது. முந்திரி என்று பேசும்போது அந்தக் குழந்தைகளை மறந்துவிட்டு என்னால் பேச முடியாது.

இன்று இந்தக் கொல்லைகளுக்கு வந்திருக்கும் ஆபத்து களைக்கொல்லி. செதுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தால் கூலி ஏறியிருக்கிறது. பண்ருட்டி வட்டாரத்து உடைப்புக் கூடங்களுக்கு ஆப்பிரிக்கக் கொட்டை வந்து இறங்குகிறது. உள்ளூர்க் கொட்டைக்கு நினைத்த விலை கேட்க முடிவதில்லை. முதுகில் டப்பாவை மாட்டி ஒருவர் அரை நாள் அடித்தால் பல பேர் செதுக்கும் வேலை முடிந்துவிடுகிறது. பக்கத்துக் கொல்லை ஒன்றில் அடித்திருந்தார்கள். தரை பழுப்பாக, வெறுமையாக, நாலு பக்கமும் கம்பிவேலியோடு கிடந்தது. களைக்கொல்லிக்கு நன்னாரி எது, பார்த்தீனியம் எது என்று தெரியாது.

“ஒட்டுக்கன்னுக்கு மானியம் இருக்கான்னு கேட்டா ஆபீசுல பதில் சொல்றாங்க. முள்ளு வேலிய வச்சிருக்கேன்னு சொன்னா சிரிக்கறாங்க” என்றார் பெரியவர்.

அரிவாளால் செதுக்கும் கூலியில் ஒரு பகுதியை அரசு ஏற்கலாம். மரத்தடி வட்டத்தை மட்டும் செதுக்கி, வரிசைகளுக்கு இடையே ஒரு பட்டையை விட்டுவைக்கிறவருக்கு ஊக்கத்தொகை தரலாம். கர்நாடகத்தின் புத்தூரில் மத்திய அரசின் முந்திரி ஆராய்ச்சி இயக்ககம் பல இடத்து முந்திரிகளைச் சேகரித்து வளர்க்கிறது, அது தேவைதான். ஆனால் இந்தச் செம்மண்ணில், இந்தப் பனியில் தேறி நின்ற மரங்கள் இங்கேயே உழவர் நிலத்தில் பெருக வேண்டும்.

தானேயில் தப்பிய மரங்களில் நல்லவை என்று தாம் நினைப்பவற்றின் தூரில் பெரியவர் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறார். குச்சி கேட்டு யார் வந்தாலும் இலவசமாக வெட்டிக்கொள்ளலாம். இப்போது எல்லாம் பூவில் இருக்கிறது, ஆடியில் வரச் சொல்லுங்கள் என்றார்.