நூற்கோழி சொல்லும் கணக்கு

"பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா?" என்று கேட்ட நாடு இது. கேட்டவர்கள் விடை வேண்டிக் கேட்டாரில்லை. வாயை அடைப்பதற்காகக் கேட்டனர். பெண் பேசினால் பெட்டைக் கோழி! கூட்டத்தில் எழுந்து நின்றால் பெட்டைக் கோழி! கூலிக்குக் கணக்குக் கேட்டால் அவளும் பெட்டைக் கோழி!

சரி, சேவல் கூவியாவது பொழுது விடிகிறதா? நிலவுலகம் தன்னைத்தானே சுற்றுவதால் விடிகிறது என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். சேவல் ஏன் கூவுகிறது என்பதையும் இன்று ஆராய்ந்திருக்கின்றனர். ஜப்பான் நாட்டு நகோயா பல்கலைக் கழக ஆய்வாளர்கள், இரவு பகல் தெரியாதபடி மங்கிய ஒளியிலேயே சேவல்களை வைத்துச் சோதித்து, உடலுக்குள் ஓடும் இயற்கைக் கடிகாரமே அவற்றை விடியுமுன் கூவச் செய்கிறது என்பதை 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆக, விடியலுக்கு உரிமை கொண்டாடச் சேவலுக்கும் வழியில்லை. பழமொழிக்கு இருந்த ஒரே காலும் ஒடிந்தது.

பழமொழி இழித்துரைத்த அந்தப் பெட்டைக் கோழியைத்தான், தோழர்களே, நான் நாள்தோறும் பின்னிக்கொண்டிருக்கிறேன். திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகளின் உறுமல் ஓயாத சாலைக்கு அருகே என் வீடு. கையில் ஒரு குரோஷா ஊசி. மடியில் ஓர் உல்லன் நூலுருண்டை. குழந்தை அணைத்துக்கொண்டு உறங்கும் பொம்மைக் கோழி, சாவிக் கொத்தில் ஆடும் குஞ்சு, கதவு காற்றில் அடியாமல் நிறுத்த மணல் நிரப்பிய தடித்த கோழி, சூடான பாத்திரத்தைப் பற்றும் கோழி வடிவக் கைத்துணி, பிறந்த நாள் பரிசுக்கென்று கூடையோடு கூடிய தாயும் குஞ்சுகளும். இவையே என் பண்டங்கள்.

எளிய வேலை என்று எண்ணற்க. குரோஷா என்னும் சொல்லுக்கு மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்குக் கொக்கி என்று பொருள். ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒரே ஒரு கண். அந்தக் கண்ணுக்குள் நூலை இழுத்து அடுத்த கண்ணைப் பிறப்பிப்பது. முதல் வட்டத்தில் ஆறு கண்கள் இட்டால் இரண்டாம் வட்டத்தில் பன்னிரண்டு, மூன்றாம் வட்டத்தில் பதினெட்டு, நான்காம் வட்டத்தில் இருபத்து நான்கு. இப்படி வட்டத்துக்கு ஆறாகக் கூட்டினால் பின்னல் தட்டையாக விரியும். கூட்டுவதை நிறுத்தினால் சுவர் போல் எழும்பும். குறைத்தால் குவிந்து மூடும். கோழியின் வயிறும் கழுத்தும் தலையும் இந்தக் கூட்டல் கழித்தலுக்குள் அடங்கியவை.

பொருளறிவும் வேண்டும். பொம்மைக்கு அக்ரிலிக் நூல் ஆகும். அடுப்படித் துணிக்கு ஆகாது, சூட்டில் உருகும். அங்கே பருத்தி நூலே தேவை. இலவம்பஞ்சு திணித்தால் துவைத்ததும் கட்டி தட்டும். கண்ணுக்கு மணி பதித்தால் அழகுதான். ஆனால் கைக்குழந்தை அதைப் பிய்த்து விழுங்கினால் மூச்சு அடைக்கும். ஆகையால் கருப்பு நூலால் கண்ணைத் தைத்தே விடுகிறேன்.

கொண்டை இருக்கிறதே, அதில் ஒரு பெரிய கணிதம் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு மூன்றாகப் பின்னலைப் பெருக்கிக்கொண்டே போனால் நூல் தட்டையாக இருக்க மாட்டாமல் அலை அலையாகச் சுருண்டு எழும். லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய கணித அறிஞர் டைனா டைமினா அம்மையார், 1997ஆம் ஆண்டில் இதே சுருளைக் கொண்டுதான் ஓர் அரிய செயலைச் செய்தார். ஒரு கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளி வழியாக ஓர் இணைகோடுதான் வரையலாம் என்பது யூக்ளிடு வழிவந்த பாடம். ஒன்றல்ல, பல வரையலாம் என்னும் வேறொரு வெளியைக் கணிதர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டனர். ஆனால் அதைக் கையில் பிடித்துக் காட்ட அவர்கள் செய்த தாள் வடிவங்கள் எளிதில் கிழிந்தன. டைமினா அம்மையார் ஊசியும் நூலும் எடுத்துப் பின்னிக் காட்டினார். மாணவர் மடித்துப் பார்த்துக் கற்றனர். அடுப்பங்கரை வேலை என்று தள்ளியது அறிவின் அரங்கில் வீற்றிருக்கிறது!

இத்தகைய கைகளுக்குப் புகழும் கிடைக்காமலில்லை. 2016ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில், 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்னும் பெண்கள் குழுவினர், பலர் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை ஒன்றை விரித்து, உலகிலேயே பெரியது என்று கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றனர். மகிழ்ச்சி. ஆனால் புகழ் ஏடு வேறு, வரவு செலவு ஏடு வேறு. இரண்டாவது ஏட்டைப் பற்றியே நான் பேச வந்தேன்.

எங்கள் கரைக்கு விளையாட்டுப் பொருள் புதிதன்று. இன்று டயருக்குப் பேர்போன எம்.ஆர்.எப். நிறுவனம், 1946இல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கியதுதான். அதற்கும் நெடுங்காலம் முன்பு, பட்டினப்பாலை காட்டும் இன்னொரு துறைமுகமான காவிரிப்பூம்பட்டினத்தில், காயவைத்த உணவைத் தின்ன வந்த கோழியை விரட்டப் பெண்கள் காதணியைக் கழற்றி எறிந்தார்களாம். அது சிறுவர் உருட்டிய சிறுதேரின் வழியை மறித்துக் கிடந்ததாம். அந்தப் பட்டினத்தில் கோழிமேல் எறியக் காதணி இருந்தது. எங்கள் பட்டினத்தில் கோழி பின்ன நூல் வாங்குவதற்காகக் காதணி அடகுக் கடைக்குப் போகிறது!

என் ஆயா காசிமேட்டில் வலை பின்னியவர். மூங்கிலில் செதுக்கிய வலை ஊசி அவர் விரல்களில் துள்ளும். இயந்திரம் முடிச்சிட்ட நைலான் வலை வந்தபின் அந்தக் கூலி போயிற்று. கிழிந்ததைத் தைக்கும் வேலை மட்டும் எஞ்சியது. பின்னலாடைக்கும் இயந்திரம் உண்டு; திருப்பூர் முழுதும் அதன் ஓசை கேட்கிறது. ஆனால் குரோஷாப் பின்னலை அப்படியே செய்யும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இன்றுவரை இல்லை. உலகின் எந்தக் கடையில் ஒரு குரோஷாக் கோழி தொங்கினாலும், அதன் ஒவ்வொரு கண்ணையும் யாரோ ஒருவர் விரலால் இழுத்திருக்கிறார் என்று பொருள். மலிவாகத் தொங்கினால், அந்த யாரோ ஒருவரின் வயிற்றில் அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

இயந்திரமும் போட்டியிடாத தொழிலுக்கு உயர்ந்த கூலியல்லவா கிடைக்க வேண்டும்? கிடைத்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கோழி ஒன்றுக்கு எனக்கு நான்கு மணி நேரம் ஆகும். நூல் 40 ரூபாய், பஞ்சும் பிறவும் 10 ரூபாய். கடைக்காரர் ஒருவர் கோழிக்கு 120 ரூபாய் தந்தார். செலவு போக 70. மணிக்குப் பதினேழரை ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்திருந்தால் 140. சிற்றூர்களில் நடந்த நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அதில் பாதிகூட இல்லை. என் கோழி அவர் கடையில் 450 ரூபாய்க்கு நின்றது.

"ஐயா, கொஞ்சம் கூட்டித் தாருங்கள்" என்றேன்.

"ஏம்மா, வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே?" என்றார் அவர்.

சும்மா! எத்தனை வல்லமை படைத்த சொல்! தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கிய நேரம், சோறு வடித்த நேரம், காய்ச்சலில் கிடந்த மாமியாருக்குக் கஞ்சி ஊற்றிய நேரம், எல்லாவற்றையும் ஒரே விழுங்காக விழுங்கும் சொல்! 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீன் விற்ற பெண்களின் கூடை காலியாயிற்று. எங்கள் தெருவுக்கு வந்து ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டவர்களில் அவர்களும் இருந்தனர். பொழுது போக்கவா வந்தனர்? அரிசி வாங்க வந்தனர்.

அந்தச் சொல்லின் வரலாற்றை ஆந்திர நாட்டு நரசாப்பூரில் காணலாம். கோதாவரிக் கழிமுகத்து அந்த வட்டாரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவப் பாதிரிமார் குடும்பத்தினர் குரோஷாப் பின்னலைக் கற்பித்தனர். கற்ற கைகள் ஆயிரமாயிரமாகப் பெருகின, லேசு கடல் கடந்தது, வணிகர் செழித்தனர். செருமன் நாட்டு அறிஞர் மரியா மீஸ் அம்மையார் அங்கே தங்கி ஆராய்ந்து 1982இல் எழுதிய நூல், பின்னிய பெண்களுக்குக் கிடைத்தது சட்டம் வகுத்த கூலியில் ஒரு சிறு பங்கே என்று காட்டியது. காரணம் என்ன? அவர்களைத் தொழிலாளர் என்று எவரும் எண்ணவில்லை. இல்லத்தரசிகள் ஓய்வில் செய்வது என்றனர். ஏற்றுமதிக் கணக்கில் லேசு இருந்தது. தொழிலாளர் கணக்கில் பெண் இல்லை. 2024இல் நரசாப்பூர் லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது; விரலுக்கு வர வேண்டியது வரட்டும்.

இதே நூல் விடுதலையும் தந்திருக்கிறது. நாகர்கோவிலில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மார்த்தா மால்ட் அம்மையார் ஏழைச் சிறுமியருக்கு லேசு பின்னக் கற்பித்தார். அது குரோஷா அன்று. திண்டின்மேல் நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் முறை. அன்று திருவிதாங்கூரில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கும் கொடுமை இருந்தது; 1855இல்தான் அடிமைமுறை ஒழிந்தது. லேசு பின்னி ஈட்டிய காசைக் கொடுத்துத் தம்மையே மீட்டுக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தனர். மேலாடை அணியும் உரிமைக்குப் போராட வேண்டியிருந்த மண்ணில், நூல் ஒரு பெண்ணின் விலங்கை அறுத்தது!

நாகர்கோவிலிலும் நூல், நரசாப்பூரிலும் நூல். ஓரிடத்தில் விடுதலை, ஓரிடத்தில் தளை. வேற்றுமை எங்கே? ஈட்டிய காசு யார் கையில் சேர்ந்தது, கணக்கு யார் எழுதினார் என்பதிலே.

ஆகவே எங்கள் தெருவில் நாங்கள் ஐவர் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். நூல், பஞ்சு, நேரம் என்று மூன்று கட்டம். மணிக்கு 40 ரூபாய் என்று வைத்தோம். நான்கு மணிக்கு 160, பொருளுக்கு 50, ஆக ஒரு கோழி 210. கடைக்காரர் சிரித்தார். இரண்டு மாதம் ஒரு கோழியும் விற்கவில்லை. ஐவரில் ஒருவர் விலகி 120க்கே கொடுக்கலானார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கொள்கைக்காகக் காத்திராது. மூன்றாம் மாதம் பண்டிகைக் காலம் வந்தது, கடைக்காரரும் வந்தார். பேசிப் பேசி 180இல் நின்றது. விலகியவருக்கும் அதே விலை என்று எழுதி வாங்கினோம். நாள் கணக்குப் பார்த்தால் 260 ரூபாய். நாங்கள் குறித்ததற்கு இன்னும் 60 குறைவு. வெற்றி என்று முரசறைய மாட்டேன். ஆனால் "சும்மா" என்ற சொல் அதன்பின் அவர் வாயில் வரவில்லை.

இடையே ஒரு வேடிக்கை. கடை திறக்கும் ஒருவர் வந்து, "கருங்கோழி ஒன்று பின்னித் தாருங்கள் அம்மா, வாசலில் கட்டினால் கண்ணேறு படாது" என்றார். "கருப்பு நூல் இருக்கிறது ஐயா, பின்னித் தருகிறேன், ஆனால் இதன் உள்ளே இருப்பது பாலியஸ்டர் பஞ்சு, காவல் வேலை அதற்குத் தெரியாது. உங்கள் மகள் கையில் கொடுங்கள், அவள் மகிழ்வாள்" என்றேன். சற்று நேரம் நின்றார். பிறகு மஞ்சள் நிறத்தில் ஒன்று வாங்கிச் சென்றார்.

வீட்டிலிருந்து தொழில் செய்வோரும் தொழிலாளரே, மற்றவர்க்குள்ள கூலியும் காப்பும் அவர்க்கும் வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை வகுத்தது. உலகம் ஒப்பிய அந்த உண்மையை வீடு ஒப்ப வேண்டாமா? மேடையில் பெண்ணுரிமை முழங்கும் இளைஞரே, உம் தாய் ஒயர் கூடை பின்னலாம். தங்கை மணி கோக்கலாம். துணைவி இரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தரலாம். "அழகாக இருக்கிறது" என்ற பாராட்டு அவர்களுக்குப் போதுமான அளவு கிடைத்துவிட்டது.

இன்று மாலை ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். நூல் எவ்வளவு, பிற செலவு எவ்வளவு என்று கேட்டால் அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். நேரம் எவ்வளவு என்பதைச் சொல்ல மாட்டார்கள். யாரும் இதுவரை கேட்டதில்லை. அந்த மூன்றாம் கட்டத்தை நீங்கள் அருகில் அமர்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, எண்ணித்தான் நிரப்ப வேண்டும்.