கரை அசைந்த படம்

கெம்பஸ் கடைசி வருஷ அறிக்கைக்கு நான் எடுத்த விசயம் எங்கட நிந்தவூர்க் கரை. ஒலுவில் துறைமுகம் கட்டி 2013ல் திறந்தார்கள். அதுக்கு வடக்கே இருக்கிற எங்கட கரையைக் கடல் அரிச்சுக்கொண்டு வருது எண்டு ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். வாப்பாட கரைவலை வாடியும் அப்படித்தான் போனது. செய்மதிப் படங்களில் கரைக்கோட்டைப் புள்ளி புள்ளியாக எடுத்து, வருஷத்துக்கு ஒரு படமாக பைதனில் வரைந்தேன். வரைந்தது மெட்பிளொட்லிப்பில்.

முதல் தலையிடி எழுத்து. "தம்பி, படத்தில என்ன எழுதியிருக்கு எண்டே விளங்கல்ல" எண்டார் சேர். டிபிஐயை 100லிருந்து 300க்கு ஏத்தினேன். ஃபைல் பாரமானதுதான் மிச்சம், எழுத்து அதே எறும்பு. டிபிஐயைக் கூட்டினால் கோடும் எழுத்தும் சேர்ந்தேதான் பெருக்கும் எண்டு பிறகுதான் விளங்கியது. பிழை அளவில். ஃபிக்சைஸ் அங்குலத்தில் கேட்கும். நான் 12க்கு 5 கொடுத்திருந்தேன். ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம், இரண்டு பக்கமும் ஓரம் போக 6.27. வேர்ட் படத்தைப் பாதியாகச் சுருக்க, 10 பொயின்ட் எழுத்து 5 ஆகிவிட்டது. தாளில் எவ்வளவு இடமோ அதே அகலத்தில் வரைந்ததும் சரியாயிற்று.

அடுத்தது கொஞ்சம் மனச்சாட்சி சம்பந்தப்பட்டது. சும்மா விட்டால் மெட்பிளொட்லிப் பெட்டி நிரம்ப வரைபடத்தை இழுத்துவிடும். அகலப் பெட்டியில் கிழக்கு மேற்கு இழுபட்டு, கடல் தின்றது பயங்கரமாகத் தெரிந்தது. பார்க்க எனக்கே பிடித்திருந்தது. ஆனா பொய். இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு வைத்தேன். (நாம பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் அகலாங்கும் நெட்டாங்கும் ஏறக்குறைய சமன், இங்கிலாந்தில் இப்படி வைக்க ஏலாது.) இப்ப முழு ஊரும் ஒரு ஒடுங்கின நாடா, இழப்பு நூல் மாதிரி. சரி, ஊரை முழுக்கக் காட்டாமல் வாடி இருந்த பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தேன்.

படங்களை ஃபோனில் போட்டு வாப்பாவிடம் கொடுத்தேன். ஒவ்வொண்டாகத் தள்ளிப் பார்த்தவர் 2007ல் நிண்டார்.

"இந்த வருஷம் கடல் ஏறல்லயே மகன்."

"செய்மதிப் படம் வாப்பா, அது பிழைக்காது."

"இல்ல, நான் அப்ப அங்கதானே தோணி இழுத்த."

ராவைக்குக் கொம்பியூட்டரில் 2006ஐயும் 2007ஐயும் ஒண்டுக்கு மேல ஒண்டு வைத்தேன். இரண்டு படத்தின் அகலமும் வேறு. சேமிக்கிற வரியில் பிபொக்ஸ் இன்ச்சஸ் டைட் போட்டிருந்தேன். எல்லாரும் போடுவாங்க, ஓரத்து வெள்ளையை வெட்டும் எண்டு. அது நாம கொடுத்த அளவை மதிக்காது. 2007ல் மட்டும், மேகம் மறைத்த இடத்தைப் பற்றி வலப்பக்கம் வெளியே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதையும் உள்ளுக்கு எடுக்க படம் அகண்டுவிட்டது. ஃபோன் திரைக்குள் அதைச் சுருக்கினபோது கரை இடப்பக்கம், அதாவது ஊருக்குள்ள, நகர்ந்தது. கடல் ஏறல்ல. என்ட குறிப்புத்தான் ஏறியிருக்கு.

டைட்டை எடுத்தேன். ஓரங்களை நானே அளந்து கொடுத்து, எல்லா வருஷத்துக்கும் ஒரே எல்லைகளை வைத்து, எல்லாத்தையும் திரும்ப எடுத்தேன்.

காலையில் வாப்பா மறுபடி தள்ளிப் பார்த்தார். 2006, 2007 அசையல்ல. பிறகுள்ள படங்களில் மெதுமெதுவாக நீலம் ஏறியது. கடைசிப் படத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்து, "இவடத்ததான்" எண்டார். விரலை எடுத்தபோது அங்கே நீலந்தான் இருந்தது. ஃபோனைத் தந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.