கோடியக்கரை, மழை, மட்டக்குதிரை

நாகப்பட்டினம் தாண்டியதும் பிடித்துக்கொண்டது. வேளாங்கண்ணி வரை தூறல்தான். திருப்பூண்டிக்குப் பிறகு வைப்பர் நிற்கவே இல்லை.

கார்த்திகை. இந்தக் கரைக்கு மழை என்றால் இதுதான். ஆடியில் வந்தால் புழுதி.

சம்பா வயல்கள். தண்ணீருக்கு மேல் பச்சை நுனி மட்டும். வடிய விடுவதற்கு ஒருவர் வரப்பை வெட்டிக்கொண்டிருந்தார். தலையில் உரச்சாக்குக் கொங்காணி. ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளினால் போதும், இரண்டு கையும் வேலைக்கு மிச்சம்.

வேட்டைக்காரனிருப்பு. பல தோப்புகளில் தென்னை எல்லாம் ஒரே உயரம். 2018க்குப் பிறகு வைத்த கன்றுகள். நடுவில் ஒன்றிரண்டு நெட்டை, சாய்ந்தபடியே காய்க்கிறது.

அந்த ஆண்டு கஜா புயல் கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே. நவம்பர் 16, விடிவதற்கு முன்.

தேத்தாக்குடிப் பக்கம் முல்லைத் தோட்டங்கள். செடிக்கடியில் கொட்டிக் கிடந்த பூ. நனைந்த பூவை யாரும் எடை போட மாட்டார்கள்.

அகஸ்தியம்பள்ளி. உப்பளப் பாத்திகள் எல்லாம் ஒரே குளம். வரப்பு எது, பாத்தி எது, தெரியவில்லை.

போன கோடையின் உப்பு அம்பாரமாக நிற்கிறது. மேலே ஓலை, தார்ப்பாய், கயிறு. கயிற்று நுனிகளில் மணல் மூட்டை.

ராஜாஜி இங்கே உப்பெடுத்தது 1930 ஏப்ரல் 30. கார்த்திகையில் ஒரு பிடிகூட விளையாது.

கோடியக்காட்டுக்கு முன்னால் ஒரு நரி. சாலையைக் கடந்து, நின்று, திரும்பிப் பார்த்தது. நனைந்த நரி இத்தனை ஒல்லியா!

ஓட்டுநர் தம்பிக்குச் சந்தோஷம். "நரி மொகத்துல முழிச்சாச்சுண்ணே. குதிரை கண்டிப்பா நிக்கும்."

டீக்கடை. பாலிதீன் தாளை இழுத்துக் கட்டிய தாழ்வாரம். தாளில் தேங்கிய தண்ணீரைக் கடைக்கார அம்மா கம்பால் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

"காட்டுக்குதிரையா? காலையில ரோட்டுலதான் நின்னுச்சு தம்பி. மழைன்னா மேட்டுக்கு வந்துரும்."

யாருடையது?

"யாரோடதும் இல்ல."

வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்றார் பெஞ்சில் இருந்தவர். உப்புப் பொதி சுமந்தது என்றார் பக்கத்தில் இருந்தவர். அம்மா இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. ராஜா காலத்துக் குதிரை என்றார்.

தமிழ்நாட்டுக் காட்டில் தானாகத் தோன்றிய குதிரை கிடையாது. அப்படியானால் இவை யாரோ கட்டி வைத்திருந்த குதிரைகளின் பிள்ளைகள். யாரோ ஒருவர் ஒருநாள் கயிற்றை அவிழ்த்திருக்கிறார். அவரைப் பற்றித்தான் வழியெல்லாம் யோசனை.

சரணாலயம் 1967இல் வந்தது. வெளிமானுக்காக. 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

நுழைவாயில் பலகையில் வெளிமான் படம். பூநாரை படம்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், முதல் அட்டவணையில் வெளிமான். குதிரை எந்த அட்டவணையிலும் இல்லை.

காவலர் ஒருவர் கூட வந்தார். மழைக்கோட்டு உண்டு. செருப்பு கையில். சேற்றில் வெறுங்கால்தான் நிற்கும் என்றார்.

பாலை மரங்களுக்கு அடியில் மழை வேறு மாதிரி. தூறல் நின்ற பிறகும் இலையிலிருந்து கனத்த சொட்டு.

வழியில் தடம். குதிரையுடையது வட்டம், தண்ணீர் நிறைந்து கிண்ணம் போல. மானுடையது பிளந்த இரண்டு இலை. சில இடங்களில் வட்டத்துக்குள்ளேயே அந்த இரண்டு இலை.

லாடம் அடிக்காத குளம்பு. ஓரம் சிதைந்திருப்பது தடத்திலேயே தெரிகிறது.

பிறகு திட்டு. புல்வெளி. அங்கே நின்றன.

எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டி. காற்று வடகிழக்கிலிருந்து. வால் கால்களுக்கு நடுவே ஒடுங்கி, தலை தாழ்ந்து, ஒன்றும் செய்யாமல். மேயவும் இல்லை.

மழையில் ஒன்றும் செய்யாமல் நிற்பதை இத்தனை ஒழுங்காகச் செய்யும் விலங்கைப் பார்த்ததில்லை.

என் நெஞ்சு உயரம்தான். பழுப்பு. ஒன்று மட்டும் கறுப்பு. பிடரி மயிர் கழுத்தோடு ஒட்டிவிட்டது. முதுகில் விழும் தண்ணீர் விலாவில் பிரிந்து இரண்டு மூன்று வாய்க்காலாக இறங்கி, வயிற்றின் விளிம்பில் சொட்டுகிறது. வயிற்றுக்கு அடியில் ரோமம் காய்ந்தே இருக்கிறது. வெளிறிய நிறம். குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இமை மயிரில் ஒரு சொட்டு. அது கண்ணைச் சிமிட்டவில்லை. நான் சிமிட்டினேன்.

குட்டி, தாயின் காற்றுப்படாத பக்கம். தாய் அரை அடி நகர்ந்தால் அதுவும் அரை அடி.

குட்டி தாயின் லத்தியை முகர்ந்தது. பிறகு தின்றது.

"திங்கும் சார். சின்னதுல திங்கும். வயித்துக்கு அதுதான் மருந்து." உண்மைதான். புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் குட்டியின் குடலுக்குப் போகும் வழிகளில் அது ஒன்று.

சற்றுத் தள்ளி, கூட்டத்தில் சேராமல் இரண்டு இளம் ஆண்கள். வளர்ந்த ஆண் குட்டிகளுக்குக் கூட்டத்தில் இடம் இருக்காது. அவையும் காற்றுக்கு முதுகுதான்.

வெளிமான்கள் இன்னும் தூரத்தில். கறுத்த கிடா ஒன்று, முறுக்கிய கொம்போடு. மழையில் கறுப்பு இன்னும் கறுப்பு.

குதிரைக்கு மேலும் கீழும் முன்பல். புல்லை அடியொட்டக் கத்தரிக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. மேய்வது ஒரே புல்வெளி.

குதிரை அசைபோடாது. வேகமாகத் தின்று வேகமாகத் தள்ளும். நாளில் பெரும்பகுதி தின்றுகொண்டே இருக்க வேண்டும்.

புல்வெளியின் ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். உள்ளே உள்ளே வருகிறது. நெற்று இனிப்பு. குதிரை தின்னும், மானும் தின்னும். விதை சாகாமல் வெளியே வரும்.

ஒரு லத்திக் குவியல். மழையில் உப்பி, நார் நாராகப் பிரிந்திருந்தது. அதன் மேல் சின்னச் சின்ன முளைகள். இரண்டு தடித்த விதையிலை, நடுவில் பிரியாத ஒரு சிறகிலை. நகம் அளவுதான். முள் இன்னும் வரவில்லை.

காவலர் பேசிக்கொண்டே கால் கட்டைவிரலால் அவற்றைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். குவியல் முடியும்வரை நகரவில்லை.

குதிரைகளைப் பிடித்து வெளியேற்ற வேண்டும், மானுக்குப் புல் போதாது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. எனக்கு மான் வேண்டும். இந்தக் குட்டியும் வேண்டும்.

கஜாவில் கடல் உள்ளே வந்தது. மானும் செத்தது, குதிரையும் செத்தது.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நெடுந்தீவு. அங்கேயும் கட்டாக்காலிக் குதிரைகள். போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்தவற்றின் வழிவந்தவை என்பார்கள். அங்கே பவளக்கல் அடுக்கிய வேலிகள். இங்கே வேலி இல்லை.

இந்தப் பக்கம், இதே கடலோரமாகத் தென்மேற்கே போனால், சற்று உள்ளே தள்ளி ஆவுடையார்கோயில். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை அவன் அமைச்சர் வாதவூரர் கோயிலுக்குச் செலவழித்ததாகக் கதை சொல்லும் ஊர்.

மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியதில் குதிரைகள் வருகின்றன. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கப்பலில் வாங்குகிறார்கள், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன, பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் இல்லை என்கிறார்.

மழை கொஞ்சம் விட்டது. உடனே எல்லாம் ஒரே நேரத்தில் உடம்பை உதறின. மூக்கிலிருந்து தொடங்கி வால்வரை. பிறகு மேய ஆரம்பித்தன.

புல்லைப் பிய்க்கும் சத்தம் இத்தனை தூரம் கேட்கும் என்று நினைக்கவில்லை.

ஒரு உண்ணிக்கொக்கு எங்கிருந்தோ வந்து, கறுப்புக் குதிரையின் காலடியிலேயே இறங்கியது.

காவலரிடம் கேட்டேன், கோடையில் தண்ணீருக்கு என்ன செய்யும்?

"தொட்டி இருக்கு சார். லாரியில கொண்டாந்து ஊத்துவோம். மானுக்குன்னுதான் ஊத்துறது."

குதிரை வராதா?

"அதுதான் மொதல்ல வரும். மான் தள்ளி நிக்கும். அதனால காலையில ஒருக்கா, குதிரை போனப்புறம் ஒருக்கா, ரெண்டு தடவையா ஊத்துறோம்."