மிடில்டன் வடிசாலையில் ஒரு பகல்

மது அருந்தாத ஒருவன் விஸ்கி வடிக்கும் இடத்தைக் காணச் செல்வானேன் என்று வாசகர்கள் வினவக்கூடும். இரசாயனமும் சரித்திரமும் ஒரே கூரையின்கீழ் அமைந்த இடங்கள் உலகில் அதிகமில்லை என்பதே எனது விடை. அன்றியும், என்னிடம் முன்னர் பயின்று, இப்பொழுது அயர்லாந்தின் கோர்க் நகரில் வைத்தியராயிருக்கும் அன்பர் தமது மோட்டார் வண்டியில் அழைத்துச் செல்ல முன்வந்தார். அவருடைய பத்து வயது மகளும் உடன் வந்தாள். கூட்டத்தோடு செல்லும் பேருந்துப் பிரயாணத்தில் நின்று நிதானித்துப் பார்க்க இயலாது. தனி வண்டியாயின் மனம்போல் தங்கலாம்.

நகரை விட்டு நீங்குமுன்னரே, புனித பற்றிக் வீதியில் துறவி ஒருவரின் சிலை எதிர்ப்பட்டது. தியோபால்ட் மத்தியூ என்னும் அப்பெரியார் 1838ஆம் ஆண்டு இந்நகரில் மதுவிலக்கு இயக்கத்தைத் தொடங்கி, இலட்சக்கணக்கான மக்களை, இனி மதுவைத் தொடுவதில்லை எனச் சபதம் செய்வித்தவர். சிலை 1864இல் நிறுவப்பட்டது. “சேர், பெரியவரிடம் உத்தரவு பெற்றுக்கொண்டு போவோம்” என்றார் வைத்தியர்.

கிழக்கே இருபது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் மிடில்டன் என்ற சிற்றூர் உள்ளது. ஆவணி மாதமாதலால் வழிநெடுக வாற்கோதுமை வயல்கள் பொன்னிறங் கொண்டு நின்றன. ஊருக்குள் ஓடும் டங்கோர்னி ஆற்றங்கரையில், சாம்பல் நிறக் கற்களாலான பழைய வடிசாலை விளங்குகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கம்பளி ஆலையாக எழுந்து, பின்னர்ப் படைவீடாகி, 1825இல் மேர்பி சகோதரர் கைக்கு வந்து வடிசாலையாயிற்று. 1975இல் பக்கத்திலேயே புதிய ஆலை எழுந்தபின், பழையது ஓய்வு பெற்றது. 1992 முதல் பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது.

வாற்கோதுமையை ஊறவைத்து முளைகட்டினால், அதிலுள்ள மாப்பொருள் வெல்லமாக மாறும் பக்குவம் அடைகின்றது. அதனை அரைத்து, வெந்நீரிற் கரைத்து, மதுவம் சேர்த்து நொதிக்க வைத்து, மும்முறை வடிக்கின்றனர். முளைகட்டாத தானியத்தையும் கலப்பது ஐரிஷ்காரரின் தனி வழக்கம். 1785இல் முளைகட்டிய தானியத்துக்கு வரி விதிக்கப்பட்டமையால் அவ்வழக்கம் வேரூன்றியது. வரிக்குப் பயந்து செய்த சிக்கனமே நாளடைவில் அந்நாட்டின் பெருமைக்குரிய சுவையாகிவிட்டது!

ஆற்றுநீரால் சுழன்ற இருபத்திரண்டு அடி இரும்புச் சக்கரம் 1852இல் பொருத்தப்பட்டது. அதனினும் எம்மை மலைக்கச் செய்தது செப்பு வடிகலம். நம் சித்த வைத்தியர் ஓமத் தீநீர் இறக்கும் வாலையை அறிந்தோருக்கு, அதே தத்துவம் ஒரு வீடளவு வளர்ந்து நிற்பதுபோல் தோன்றும். அதன் கொள்ளளவு 31,618 கலன். அதாவது 143,000 லீற்றருக்கும் மேல்.

களஞ்சியத்தில் ஓக் மரப் பீப்பாய்கள் வரிசையாய்க் கிடந்தன. வடித்தெடுத்த திரவம் தண்ணீர்போல் நிறமற்றது. பொன்னிறம் அளிப்பது மரமே. சட்டப்படி மூன்றாண்டாயினும் மரத்துக்குள் உறங்கினாலன்றி அதற்கு ஐரிஷ் விஸ்கி என்ற பெயரில்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகிப் போய்விடும். அதனைத் தேவதூதர் பங்கு என்கின்றனர். “தேவதூதர் குடிப்பார்களா, அப்பா?” என்று சிறுமி கேட்டாள். வழிகாட்டிய பெண்மணிக்கு அதனை மொழிபெயர்த்துச் சொன்னதும், அவர் வாய்விட்டுச் சிரித்தார். இறுதியில் பார்வையாளருக்குச் சிறு கிண்ணங்களில் விஸ்கி பரிமாறப்பட்டது. எனக்கும் சிறுமிக்கும் எலுமிச்சம்பழப் பானம் கிடைத்தது. வண்டி செலுத்த வேண்டியவராதலால் வைத்தியரும் எம்மோடு சேர்ந்துகொண்டார்.

பெரும்பாலோர் அவ்வளவில் திரும்பிவிடுகின்றனர். நாங்கள் ஊரின் தெற்கே ஆற்றோரப் பூங்காவுக்குச் சென்றோம். அங்கே துருவேறா உருக்கினாலான ஒன்பது கழுகிறகுகள், ஆளுயரத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேலாய், வட்டமாக வளைந்து நிற்கின்றன. சற்று விலகி நின்று நோக்கினால் அவை ஒரு வெறுங் கிண்ணமாகத் தோன்றும்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் கண்டு, அயர்லாந்தில் பெரும்பஞ்சம் விளைந்தது. சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் அதிகமானோர் கடல்கடந்து சென்றனர். அந்நாட்களிலும் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று. விளைச்சலே இல்லாத நாடன்று அது. விளைந்ததை வாங்க ஏழையிடம் காசில்லை. காலையிற் கண்ட வாற்கோதுமை வயல்கள் அப்பொழுது என் நெஞ்சை உறுத்தின.

அமெரிக்காவில் சொக்டோ என்னும் ஆதிக்குடிகள், 1831 முதல் தம் தாயகத்தினின்றும் துரத்தப்பட்டு, வழியிலே பல்லாயிரவரைப் பறிகொடுத்தவர்கள். முன்பின் அறியாத ஐரிஷ் மக்கள் பட்டினி கிடப்பதைக் கேள்வியுற்று, 1847இல் தம்மிடையே 170 டொலர் சேர்த்து அனுப்பினர். அக்கொடையின் நினைவாகவே 2015இல் இவ்விறகுகள் எழுந்தன. 2020இல் பெருந்தொற்று அமெரிக்க ஆதிக்குடிகளான நவாகோ, ஹோப்பி மக்களை வாட்டியபொழுது, ஐரிஷ் மக்கள் பலர் அந்தப் பழைய உதவியை எடுத்துக் கூறிப் பணம் அனுப்பினர்.

சிறுமி இறகுகளைச் சுற்றிச் சுற்றி வந்து எண்ணினாள். பின்னர் நடுவே போய் நின்று, “கிண்ணத்துக்குள் நான் நிற்கிறேன்” என்று கூவினாள்.